நாலு குத்து குத்திவிட்டு நின்றுபோன குட்டி பம்பு என்ஜின்! விடாமல் துப்புத் துலக்கிய 27 வயது மெக்கானிக்

அடுப்பில் கெட்டில் கொதித்ததாம். மூடி தடதடவென்று ஆடியதாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் நீராவி என்ஜினைக் கண்டுபிடித்துவிட்டானாம்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த கதை இது. பையன் பெயர் ஜேம்ஸ் வாட்.

கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு.

ஜேம்ஸ் வாட் பிறப்பதற்கு 24 வருஷத்துக்கு முன்பே நீராவி என்ஜின் வந்தாகிவிட்டது. வாட் செய்தது ஒரு ரிப்பேர் வேலை. மேஜை மேல் வைக்கிற மாதிரி ஒரு சின்ன மாடல் என்ஜின், அதில் ஒரு சின்ன தண்ணீர் பம்பு. அது ஓடவில்லை. "ஏன் ஓடவில்லை?" என்று கேட்டார். போலீஸ்காரர் கேஸைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

அந்த ஒரு கேள்வியில்தான் உலகத்தின் தலையெழுத்தே மாறியது.

தண்ணீரில் மூழ்கிய சுரங்கங்கள்

முதலில் பம்பு எதற்கு வந்தது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெரிய எதிரி தண்ணீர். தோண்டத் தோண்ட ஊற்று பீறிடும். குதிரையைக் கட்டி இறைத்துப் பார்த்தார்கள். ஆழம் போகப் போக கட்டுப்படி ஆகவில்லை. கரி உள்ளே இருக்கிறது, எடுக்க முடியவில்லை!

டார்ட்மவுத் ஊரில் தாமஸ் நியூகாமன் என்று ஒரு இரும்புச் சாமான் வியாபாரி. அவர் 1712-ல் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கத்தில் நீராவி பம்பு என்ஜினை ஓட்டிக் காட்டினார். 21 அங்குல விட்டமுள்ள சிலிண்டர். நிமிஷத்துக்கு 12 குத்து. ஒரு குத்துக்கு 10 காலன் தண்ணீர். 153 அடி ஆழத்திலிருந்து மேலே வந்து கொட்டியது.

நம் ஊர்க் கிணற்று ஏற்றம் பார்த்திருப்பீர்கள். நடுவில் தாங்கி, ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறும். நியூகாமன் என்ஜினும் கிட்டத்தட்ட அதுதான். பெரிய மர உத்திரம். ஒரு முனையில் பம்புத் தண்டு தொங்கும். மறுமுனையில் பிஸ்டன் தொங்கும்.

சிலிண்டருக்குள் நீராவியை விடுவார்கள். பம்புத் தண்டின் கனம் உத்திரத்தை இழுக்க, பிஸ்டன் மேலே போகும். அடுத்து அதே சிலிண்டருக்குள் பச்சைத் தண்ணீரைப் பீச்சுவார்கள். ஆவி சட்டென்று குளிர்ந்து தண்ணீராகிச் சுருங்கிவிடும். ஒரு கன அங்குலத் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். அந்த ஆவி மறுபடியும் தண்ணீரானால் உள்ளே என்ன மிச்சம்? வெற்றிடம்தான்.

வெளியே இருக்கிற காற்று சும்மா இருக்குமா? சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு பலத்தோடு பிஸ்டனைக் கீழே அழுத்தும். மறுமுனையில் பம்புத் தண்டு தண்ணீரோடு மேலே வரும்.

ஆக, வேலை செய்வது காற்று. வழி விடுவது நீராவி.

மூலையில் கிடந்த மாடல்

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம். மாணவர்களுக்குப் பாடம் நடத்த அங்கே இந்த என்ஜினின் குட்டி மாடல் ஒன்று இருந்தது. சிலிண்டர் விட்டம் 2 அங்குலம். பிஸ்டன் ஓட்டம் 6 அங்குலம். பாய்லர், உத்திரம், பம்பு எல்லாம் கச்சிதமாக இருந்தன.

ஒன்றுதான் குறை. ஓடாது!

லண்டனில் சிசன் என்ற கருவித் தொழிலாளியிடம் ரிப்பேருக்கு அனுப்பினார்கள். போனது போனதுதான். அதை மீட்டு வர 2 பவுன் வரை செலவழிக்கலாம் என்று 1760-ல் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. நம் ஊரில் ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் கடைக்கு நடையாய் நடப்போமே, அந்தக் கதைதான்!

கடைசியில் 1763-64 குளிர்காலத்தில், பேராசிரியர் ஜான் ஆண்டர்சன் அந்த மாடலைத் தம் பல்கலைக்கழகத்து மெக்கானிக்கிடமே கொடுத்தார்.

அந்த மெக்கானிக்தான் ஜேம்ஸ் வாட். வயது 27.

யார் இந்த வாட்?

கிரீனக் துறைமுக ஊர்க்காரர். 1736 ஜனவரி 19-ந் தேதி பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே தலைவலிக்காரர். சீக்கிரம் மனம் ஒடிந்துபோகிற சுபாவம்.

கருவி செய்யும் தொழில் கற்க லண்டன் போனார். முறைப்படி ஏழு வருஷம் கற்க வேண்டிய தொழில். 20 கினி கொடுத்து ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டு திரும்பினார். ஊருக்குள் வழக்கமான தொழிலாளியாகக் கடை போட அது போதாது. 1757-ல் பல்கலைக்கழகம்தான் தன் கட்டடத்திலேயே ஒரு அறையைக் கொடுத்து, "எங்கள் கருவித் தொழிலாளி" என்று பேரும் கொடுத்தது.

பல்கலைக்கழகத்தில் இருந்தார், ஆனால் பட்டம் வாங்கியவர் இல்லை. தராசு, அளவுகோல் என்று வந்த வேலையைச் செய்து பிழைப்பு நடத்தினார்.

நாலு குத்து, அப்புறம் கப்சிப்!

வாட் மாடலைப் பிரித்தார். துடைத்தார். கோளாறுகளைச் சரி செய்தார். நெருப்பைப் போட்டார்.

என்ஜின் அசைந்தது. சில குத்து குத்தியது. நின்றுவிட்டது!

பாய்லரில் ஆவி தீர்ந்துபோயிருந்தது. மறுபடி ஊதிப் பார்த்தார். அதே கதை. பாய்லர் பார்வைக்குப் போதுமான அளவுதான். ஓட்டை ஒழுகல் கிடையாது. அப்படியானால் ஆவி எங்கே போகிறது?

ஒரு உபாயம் செய்தார். பம்பு தூக்க வேண்டிய தண்ணீரின் உயரத்தைக் குறைத்தார். பாரம் குறைந்தது. பாரம் குறைந்தால் அவ்வளவு சுத்தமான வெற்றிடம் வேண்டாம். பீச்சுகிற பச்சைத் தண்ணீரும் குறைவாகப் போதும். சிலிண்டர் அதிகம் குளிராது. ஆவியும் மிச்சம்.

மாடல் ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிட்டது.

வாசகர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம்? "சார், ரெடி! ஓடுது பாருங்க" என்று சொல்லி, கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். வேலை முடிந்தது அல்லவா?

வாட்டுக்கு முடியவில்லை. ஓட வைத்தாயிற்று. ஆனால் முதலில் ஏன் நின்றது?

தம்ளர் காபியும் அண்டா வெந்நீரும்

ஒரு தம்ளர் காபியையும் ஒரு அண்டா வெந்நீரையும் பக்கத்தில் வையுங்கள். எது முதலில் ஆறும்? தம்ளர்தான். சின்னப் பாத்திரத்தில் உள்ளே இருக்கிற சரக்கு கம்மி. சூட்டை உறிஞ்சுகிற சுவர் அதிகம்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

2 அங்குல சிலிண்டரில் ஒரு கன அங்குல ஆவிக்கு 2 சதுர அங்குலச் சுவர் இருக்கிறது. டட்லியில் ஓடிய 21 அங்குல சிலிண்டரில் அதே 2 சதுர அங்குலச் சுவருக்குப் பத்து கன அங்குலத்துக்கு மேல் ஆவி இருக்கும். அதாவது, மாடலில் ஆவியைத் திருடுகிற சுவர் பத்து மடங்கு அதிகம்! போதாததற்கு மாடலின் சிலிண்டர் பித்தளை. பித்தளை சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும்.

பொம்மையில் இருந்த கோளாறு பெரிய என்ஜினிலும் இருந்தது. பெரிசில் கரியைக் கொட்டிச் சமாளித்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. சின்னதில் மறைக்க முடியவில்லை. திருட்டு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

சோதனைக்கு மேல் சோதனை

சந்தேகம் வந்த பிறகு சாட்சி வேண்டாமா?

வாட் மரத்தில் ஒரு சிலிண்டர் செய்தார். ஆளிவிதை எண்ணெயில் ஊற வைத்துக் காய வைத்த மரம். 6 அங்குல விட்டம், 12 அங்குல ஓட்டம். மரம் சூட்டை அவ்வளவாக உறிஞ்சாது. ஆவிச் செலவு குறைந்தது. ஆனால் மரம் நீடித்து உழைக்காது என்பதும் தெரிந்தது.

ஒவ்வொரு குத்துக்கும் எவ்வளவு ஆவி செலவாகிறது என்று அளந்தார். சிலிண்டர் கொள்வதைப் போல் பல மடங்கு ஆவி போய்க்கொண்டிருந்தது! குளிர்ந்த சிலிண்டரை மறுபடி சூடாக்கவே முக்கால்வாசி தீர்ந்துவிடுகிறது. வேலை செய்ய மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இன்னொரு அதிசயமும் கண்ணில் பட்டது. ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியைப் பச்சைத் தண்ணீருக்குள் விட்டால், அது தன்னைப் போல் ஆறு மடங்கு தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்துவிடுகிறது. எங்கே ஒளிந்திருக்கிறது இவ்வளவு சூடு?

ஓடினார் பேராசிரியர் ஜோசப் பிளாக்கிடம். ஆவிக்குள் மறைந்திருக்கும் வெப்பத்தைப் பற்றி பிளாக் ஏற்கெனவே ஆராய்ச்சி செய்து மாணவர்களுக்குப் பாடமும் நடத்திக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக்கு விளக்கம் கிடைத்தது.

இப்போது சிக்கல் தெளிவாகிவிட்டது. ஆவி வீணாகாமல் இருக்க சிலிண்டர் எப்போதும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருக்க வேண்டும். நல்ல வெற்றிடம் கிடைக்க அதே சிலிண்டர் நன்றாகக் குளிர வேண்டும்.

ஒரே பாத்திரம் ஒரே நேரத்தில் சூடாகவும் இருக்கணும், ஜில்லென்றும் இருக்கணும்! நடக்கிற காரியமா?

ஞாயிற்றுக்கிழமை உலா

1765-ம் வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வாட் காற்று வாங்க கிளாஸ்கோ பசும்புல் திடலுக்குப் போனார். மனசு மட்டும் பட்டறையிலேயே இருந்தது.

திடலில் கொஞ்ச தூரம் நடந்திருப்பார். பளிச்சென்று பொறி தட்டியது.

ஒரே பாத்திரம் எதற்கு? இரண்டு பாத்திரம் வைத்தால் என்ன?

ஆவி, வெற்றிடம் கிடைத்தால் அதற்குள் தானாகப் பாயும். சிலிண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்திரம். அதில் வெற்றிடம். நடுவில் ஒரு வால்வு. வால்வைத் திறந்தால் ஆவி அங்கே பாய்ந்து, அங்கேயே குளிரட்டும். சிலிண்டர் எப்போதும் சூடு, பக்கத்துப் பாத்திரம் எப்போதும் குளிர்ச்சி!

அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. இதற்குப் பேர் தனி கண்டன்சர். கேட்டால் "ப்பூ, இவ்வளவுதானா?" என்று தோன்றும். 1712 முதல் 53 வருஷமாக ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!

மேஜைக்கு அடியில் ஒளிந்த ரகசியம்

வீடு திரும்பிய வாட் கையில் கிடைத்ததை வைத்து வேலையை ஆரம்பித்தார். சிலிண்டராக ஒரு பித்தளைப் பீச்சாங்குழல். 1¾ அங்குல விட்டம், 10 அங்குல நீளம். மேல் மூடியும் கீழ் மூடியும் தகரம். மெல்லிய தகரக் குழாய்களில் கண்டன்சர். உள்ளே சேரும் காற்றையும் தண்ணீரையும் வெளியே எடுக்க ஒரு சின்ன பம்பு.

ஆவியை விட்டார். பம்பை இழுத்தார். பிஸ்டனில் தொங்கிய சுமார் 18 பவுண்டு எடை ஜம்மென்று மேலே போனது!

அந்த நாட்களில் அவருடைய சிநேகிதர் ஜான் ராபிசன் வீட்டுக்கு வந்தார். வாட் மடியில் ஒரு சின்னத் தகரத் தொட்டி. என்ஜின் பேச்சை எடுத்ததும் வாட் அந்தத் தொட்டியை மெதுவாகத் தரையில் வைத்து, காலாலேயே மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டாராம். ராபிசனே பின்னாளில் சொன்ன தகவல் இது. தொழில் ரகசியம் என்றால் சிநேகிதனாவது, மற்றவனாவது!

பொம்மை ஓடியது, குடும்பம் ஓடவில்லை

பொம்மை ஜெயித்துவிட்டது. இனி பணம் கொட்டும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. பதினோரு வருஷம் வனவாசம்!

1764-ல் கல்யாணம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டிகள் வந்தார்கள். கடன் ஏறியது. ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் வாட்டின் 1,000 பவுன் கடனை ஏற்றுக்கொண்டு, கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு வாங்கிக்கொண்டார். 1769 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் பெரிய என்ஜின் சரிப்பட்டு வரவில்லை. 2 அங்குல சிலிண்டரை உருட்டித் திரட்டிவிடலாம். 18 அங்குல சிலிண்டரை உள்ளே வட்டம் பிசகாமல் கடைய அன்றைக்கு ஆளும் இல்லை, கருவியும் இல்லை. பிஸ்டன் ஓரமாக ஆவி ஒழுகியது. எதை அடைத்துப் பார்த்தும் நிற்கவில்லை.

வயிற்றுப் பாட்டுக்கு வாட் கால்வாய் வெட்டும் இடங்களை அளக்கும் சர்வே வேலைக்குப் போனார். 1773-ல் அப்படி வடக்கே மலைக்காட்டில் அளந்துகொண்டிருந்தபோது சேதி வந்தது. பிரசவத்தில் மனைவி மார்கரெட்டின் நிலைமை மோசம். வீடு வந்து சேருவதற்குள் அந்த அம்மாள் கண்ணை மூடிவிட்டார்.

அதே வருஷம் ரோபக்கும் திவால்!

கை கொடுத்த கூட்டாளி

ரோபக் கொடுக்க வேண்டிய 1,200 பவுன் கடனுக்குப் பதிலாக அவருடைய பங்கை வாங்கிக்கொண்டார் பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்ட்டன். 1774-ல் வாட் பர்மிங்காம் போனார். 1775-ல் பார்லிமெண்டு காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது.

சிலிண்டர் பிரச்சினைக்கும் ஆள் கிடைத்தார். பீரங்கிக் குழாய் குடைவதற்கு 1774-ல் புது இயந்திரம் செய்திருந்த ஜான் வில்கின்சன். அதே வித்தையை சிலிண்டருக்கும் காட்டினார். 50 அங்குல சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிசகவில்லை என்று போல்ட்டன் பூரித்துப்போனார்.

1776 மார்ச்சில் டிப்டன் ஊர் புளூம்ஃபீல்டு சுரங்கத்தில் வாட்டின் பெரிய என்ஜின் ஓடியது. குழியில் 57 அடி தண்ணீர் நின்றது. ஒரு மணி நேரத்துக்குள் காலி!

அதற்குப் பிறகு எல்லாம் நல்லதே நடந்தது என்று சொல்ல முடியாது. என்ஜின் வாங்கிய சுரங்க முதலாளிகள், மிச்சமான கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும். கார்ன்வால் சுரங்கக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சிலர் கொடுக்க மறுத்தார்கள். புது மாதிரி என்ஜின் செய்த எட்வர்டு புல், ஹார்ன்புளோயர் ஆகியோர் மீது கோர்ட்டில் கேஸ். ஆவித் திருட்டைக் கண்டுபிடித்தவர், கடைசியில் யோசனைத் திருட்டுக்காகக் கோர்ட்டு ஏறவேண்டி வந்தது!

நம் வீட்டிலும் வாட்

குதிரைக்குப் பதில் என்ஜின் வாங்க வந்தவர்களுக்குப் புரிவதற்காக வாட் போட்ட கணக்குதான் குதிரைத்திறன். ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டு எடையை ஒரு அடி தூக்கினால் ஒரு எச்.பி. நம் விவசாயி "5 எச்.பி. மோட்டார்" என்று கேட்டு வாங்குகிறாரே, அது வாட் வைத்த அளவு.

மின்சாரத் திறன் அளவுக்கு "வாட்" என்று பேர் வைக்கலாம் என்று 1882-ல் வில்லியம் சீமென்ஸ் யோசனை சொன்னார். பல்பு வாங்கும்போது "எத்தனை வாட்?" என்று கேட்கிறோமே, அது இந்த மெக்கானிக்கின் பேர்தான். 746 வாட் ஒரு எச்.பி.

நீங்களும் செய்யலாம், ஆனால்...

இன்றைக்கும் குட்டி என்ஜினில் குட்டி பம்பு ஓட்டி ரசிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். லேத்தும் பொறுமையும் இருந்தால் நம் பட்டறைப் பிள்ளைகளும் செய்யலாம். சில எச்சரிக்கைகள்:

பாய்லருக்கு ஈயப் பற்று கூடாது. தண்ணீர் வற்றினால் உருகிவிடும். வெள்ளிப் பற்று வேண்டும். சேப்டி வால்வு இல்லாமல் நெருப்பு வைக்கவே கூடாது. முதல் தடவை ஆவி ஏற்றுவதற்கு முன் பச்சைத் தண்ணீரை நிரப்பி, ஓட்டப்போகும் அழுத்தத்தைப் போல் இரு மடங்கு கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

குளிர்ந்த சிலிண்டருக்குள் போகும் முதல் ஆவி தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீரை வெளியேற்றாமல் ஓட்டினால் சிலிண்டர் மூடியே பிளந்துபோகலாம். சிலிண்டரைச் சுற்றி மரப்பட்டையோ கம்பளியோ கட்டினால் சூடு நிற்கும்.

ஒன்று நினைவிருக்கட்டும். என்ஜினைச் சின்னதாக்கலாம். காற்றையும் தண்ணீரையும் சின்னதாக்க முடியாது. எவ்வளவு நல்ல பம்பானாலும் 34 அடிக்கு மேல் உறிஞ்சாது. நடைமுறையில் 25 அடியே பெரிசு.

கூலி எவ்வளவு?

கடைசியாக ஒரு விஷயம். அந்த மாடலை ரிப்பேர் செய்து மாற்றி அமைத்ததற்கு வாட் 1766-ல் பல்கலைக்கழகத்திடம் பில் கொடுத்தார். செப்புக் குழாய், தொட்டி எல்லாம் சேர்த்து 5 பவுன் 11 ஷில்லிங்.

நியாயமான கூலிதான். ஒரு பைசா கூடக் கேட்கவில்லை!

வாட் 1819-ல் 83 வயதில் காலமானார். அந்த 2 அங்குல சிலிண்டர் மாடல் இன்றும் கிளாஸ்கோ ஹண்டேரியன் மியூசியத்தில் இருக்கிறது.

அடுத்த தடவை உங்கள் பம்பு நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வந்து ஓட வைத்துவிட்டு, "ஏன் நின்னுச்சுன்னு தெரியலையே!" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு காபி வாங்கிக் கொடுத்து, யோசிக்க விடுங்கள்.